தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆவதற்கான பயிற்சியும் தகுதியும்

பி.எட். முடித்துவிட்டால் எந்த வகுப்புக்கும் ஆசிரியராகலாம் என்ற எண்ணம் பென்னாகரம், அரூர் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கு அது பொருந்தாது. பி.எட். படித்தவர்களையும் இவ்வகுப்புகளுக்குத் தகுதியானவர்களாக ஏற்ற 2018ஆம் ஆண்டு அறிவிக்கை செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று உறுதிசெய்துவிட்டது. எனவே இவ்வகுப்புகளுக்கான ஆசிரியர், அதாவது இடைநிலை ஆசிரியர் பணியை விரும்புவோர் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியையே நாட வேண்டும். முன்பு டி.டி.எட். எனப்பட்டு இப்போது டி.எல்.எட். எனப்படும் படிப்பு இதுதான். ஊரில் 'டீச்சர் டிரெயினிங்' என்றால்தான் புரியும்.

பயிற்சிக் காலம் 2 ஆண்டுகள். பிளஸ் 2 தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 45 விழுக்காடு போதும். இப்பயிற்சி அரசுத் தரப்பில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் அளிக்கப்படுகிறது. கிருஷ்ணகிரியில் உள்ள அத்தகைய நிறுவனத்தை மக்கள் 'டயட்' என்றே அழைக்கின்றனர். எந்தெந்த நிறுவனங்களில் சேர்க்கை உண்டு என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தனியார் நிறுவனமாயின், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்று கேட்டறியாமல் கட்டணம் கட்டக் கூடாது. குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 2 ஆண்டுகளிலும் சேர்த்து 20 வாரங்கள் பள்ளியில் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். இதைச் சம்பிரதாயமாகக் கழித்துவிடுவோர் வகுப்பறைக்குள் நுழைந்த பிறகு திணறுகிறார்கள்.

பட்டயம் கையில் கிடைத்ததும் வேலை கிடைத்துவிடாது. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், மொழி 1, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய 5 பகுதிகளிலும் தலா 30 வினாக்கள். மொத்தம் 150 மதிப்பெண். பொதுப் பிரிவினருக்குத் தேர்ச்சி அளவு 60 விழுக்காடு. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. மொழி 1 தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றையும் தேர்வு செய்யலாம் என்பது ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி வட்டாரத்தினருக்குப் பயன்படும். ஒருமுறை தேர்ச்சி பெற்றால் அச்சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும்.

அரசுப் பள்ளிப் பணிக்கு இதுவும் போதாது. 2018 ஜூலையில் வெளியான அரசாணை 149இன்படி, தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றோர் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தனிப் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். பணி நியமனம் அந்தத் தேர்வின் அடிப்படையில் நடைபெறுவதால், பிளஸ் 2 முடித்த கையோடு பயிற்சியில் சேர்பவர், படிப்புக்கான 2 ஆண்டுகளோடு இவ்விரு தேர்வுகளுக்குமான காலத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.