முப்பது வயசும் முடிக்காத கணக்கும்

"வேலை எப்படிப் போகுது தம்பி?"

"போய்க்கிட்டு இருக்கு மேடம்."

"அந்தப் பொண்ணுகிட்ட பேசினீங்களா?"

"பேசணும்."

காரைக்குடியில் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தப் பேச்சு பழகிப்போனது. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளில் சிலர், சென்னைக்குத் திரும்பப் பல்லவன் ரயில் ஏறுவதற்குள் என்னை வந்து பார்ப்பார்கள். வயது 29, 31 என்று அந்த வாக்கில் இருக்கும். குடி இல்லை, கடன் இல்லை. மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணமும் வருகிறது. அதனாலேயே வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

18 முதல் 25 வரையிலான வயதை, பலதையும் தொட்டுப் பார்த்துத் தன் வழியைத் தேடும் தனிப் பருவம் என்று அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் எழுதினார். நம் பிள்ளைகளில் பலருக்கு அந்தத் தேடலைக் கேம்பஸ் இன்டர்வியூவே முடித்துவிடுகிறது. அப்போது தேடாததை முப்பதில் தேட ஆரம்பிக்கிறார்கள். வீட்டுக்கோ அதற்குள் பொறுமை தீர்ந்துவிடுகிறது. நகரத்தார் வீடென்றால் இன்னும் கூடுதல். கல்யாணம் ஆனால்தான் கோயிலில் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கில் சேர்ப்பார்கள். "எப்படா புள்ளி ஆவே?" என்று அப்பத்தா பாசமாகத்தான் கேட்கிறார். கேட்டவுடன் பையன் போனை எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போய்விடுகிறான்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தேவகோட்டைப் பக்கம், சென்னையில் சாஃப்ட்வேர் சப்போர்ட் வேலை. அலுத்துப்போய் ரொம்ப நாளாகிறது. கூட வேலை பார்க்கும் பெண்ணோடு சில வருடங்களாகக் காதல், வேறு சாதி. ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். "நல்ல வேலைக்கு மாறிட்டா பேசத் தைரியம் வரும்." ஏன் வேலை மாறவில்லை? "கல்யாணம் எப்படி அமையும்னு தெரியலையே, எந்த ஊர்னு வேலை தேடுறது?" இரண்டு பதிலையும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னேன். எழுதியதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒண்ணைச் சாக்கு வச்சு இன்னொண்ணைத் தள்ளியிருக்கேன் மேடம்."

என்னிடம் வருகிறவர்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த முடிச்சைத்தான். சோம்பேறித்தனம் என்று பெற்றோர் நினைப்பது தப்பு.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன அந்தக் காலத்து நகரத்தார் ஆட்களுக்கு ரங்கூனோ பினாங்கோ, பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. முடிந்ததும் சொத்து, கடன் எல்லாம் கூட்டிப் பார்க்கும் ஐந்தொகை எடுத்துக் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். லாபமோ நட்டமோ, ஒரு தேதியில் கணக்குத் தெரிந்துவிடும். இவர்களிடம் இல்லாதது அந்தத் தேதிதான்.

எதை முதலில் எடுப்பது? காதலை என்பேன். அங்கே இன்னொருவருடைய வயதும் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள் என்பதைப் பேச்சோடு பேச்சாகத்தான் அவர் சொன்னார்! முதலில் அவளிடம் பேசுங்கள், அப்புறம் அப்பா அம்மாவிடம். "முடியாது" என்பதுதான் பதில் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். முடிவெடுக்காமலே உறவின் அடுத்த கட்டத்துக்குச் சறுக்கிப் போகிறவர்கள் பின்னால் வெளியே வரத் திணறுகிறார்கள் என்று டென்வர் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஸ்டான்லி, கெலீனா ரோட்ஸ் குழுவினர் 2006இல் எழுதினார்கள். அவர்கள் எழுதியது அமெரிக்காவில் சேர்ந்து வாழும் ஜோடிகளைப் பற்றி. ஒளித்து வைத்த காதலுக்கும் அது பொருந்துவதை இங்கே பார்க்கிறேன்.

வேலை விஷயத்தில் அவசரம் வேண்டாம். ராஜினாமா கடிதத்தோடு வருகிறவர்களை நான் உட்கார வைத்துவிடுவேன். போக நினைக்கும் துறையில் இருக்கும் இரண்டு பேரிடம் பேசுங்கள், சனி ஞாயிறில் அந்த வேலையைக் கொஞ்சம் செய்து பாருங்கள். அரசுத் தேர்வோ வங்கித் தேர்வோ எழுதிக்கொண்டிருப்பவர்கள், எந்தத் தேர்வோடு நிறுத்துவது என்பதை வீட்டாரிடமே சொல்லி வையுங்கள். வங்கி அதிகாரி (பி.ஓ.) தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 30, ஓபிசிக்கு 33 வயதுதான் வரம்பு.

பெற்றோருக்கும் ஒன்று. தினமும் போனில் "என்னப்பா முடிவு பண்ணே?" என்று கேட்காதீர்கள். ஊருக்கு வரும்போது ஒருமுறை நேரில் கேளுங்கள், பதில் வரும்வரை நீங்கள் பேசாதீர்கள். நம்மூரில் இந்த இரண்டாவதுதான் கஷ்டம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டது, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் அது வேறு விஷயம், மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது தாளும் தேதியும் உதவாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடனே பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.