ஹீப் லீச்சிங்: குவியல் வடிப்பு

தங்கம் மிகச் சொற்பமாகக் கலந்திருக்கும் பாறையை வெடிவைத்து உடைத்துக் குவிக்கிறார்கள். குவியலின் மேல் சயனைடு கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். அடியில் வடிந்து வரும் நீரிலிருந்து தங்கத்தைப் பிரிக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் ‘ஹீப் லீச்சிங்’. ‘ஹீப்’ என்றால் குவியல், அதில் சிக்கல் இல்லை. ‘லீச்சிங்’தான் தமிழில் இன்னும் நிலைகொள்ளாத சொல்.

ஆங்கிலத்தில் இதன் வேர் ‘லெக்கன்’ என்ற பழைய வினைச்சொல். நனைத்தல், நீர்விடுதல் என்று பொருள். இந்த முறையில் தங்கம் எடுக்கும் தென்னமெரிக்க நாடான பெருவில் பேசும் ஸ்பானிய மொழியில் இதே செயலை ‘லிக்ஸிவியாசியோன்’ என்கிறார்கள். அது லத்தீனில் ‘லிக்ஸிவியம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மரச்சாம்பலில் நீர் ஊற்றி வடித்தெடுக்கும் காரநீருக்கு அந்தப் பெயர். துணி வெளுக்கவும் சவுக்காரம் செய்யவும் பழங்கால ஐரோப்பியர் பயன்படுத்தியது அது. பெருவின் வீடுகளில் தரை துடைக்கவும் துணி வெளுக்கவும் வாங்கும் திரவத்தை இன்றும் ‘லெஹியா’ என்கிறார்கள். அதுவும் இதே லத்தீன் வேரில் பிறந்த சொல்தான்.

சாம்பல்நீரோடு இந்தச் சொல்லுக்குள்ள உறவு இன்னும் அறுந்துவிடவில்லை. தங்கம் எடுக்கும் சயனைடு நீரிலும் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையைக் காக்க வேண்டும். காரம் குறைந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நச்சுவாயு கிளம்பிவிடும்.

தமிழில் என்ன சொல்வது? பள்ளி வேதியியலில் ‘வேதிக்கழுவுதல்’ என்று படித்தவர்கள் உண்டு. அந்தச் சொல்லை உருவாக்கியவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் அது பொருளைத் திருப்பிப் போடுகிறது. கழுவினால் அழுக்கு நீரோடு போகும், வேண்டிய பொருள் சுத்தமாகக் கையில் நிற்கும். இங்கே நடப்பது நேர்மாறு. வேண்டிய தங்கம் நீரோடு போகிறது. வேண்டாதது, நனைந்த கல்லும் மண்ணுமாக, போட்ட இடத்திலேயே கிடக்கிறது. ‘கழுவுதல்’ என்ற சொல்லைக் கேட்டால் மனதில் ஒரு தூய்மை தோன்றும். இந்தத் தொழிலைப் பற்றி எழுதும்போது தோன்றக் கூடாதது அதுதான்.

‘வடித்தல்’ பொருந்துகிறது. காப்பித்தூளின் மேல் வெந்நீர் ஊற்றி டிக்காக்‌ஷன் இறக்குவதும் வேதியியலின் கணக்கில் லீச்சிங்தான். நீர் இறங்கும்போது சாரத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது, மேலே சக்கை தங்குகிறது. வடித்தல் என்றதுமே தமிழருக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஆகவே ஹீப் லீச்சிங் என்பதைக் ‘குவியல் வடிப்பு’ என்றும், தங்கம் போன பின் எஞ்சும் குவியலைச் ‘சக்கை மேடு’ என்றும் எழுதலாம். ‘சயனைடு’ அப்படியே இருக்கட்டும். எல்லோருக்கும் தெரிந்த சொல், அதன் அபாயத்தையும் எல்லோரும் அறிவார்கள்.

சயனைடு நீரில் தங்கம் கரையும் என்பதைத் தொழில்முறையாக்கியவர்கள் மெக்கார்தரும் ஃபாரெஸ்ட் சகோதரர்களும். இடம் கிளாஸ்கோ, ஆண்டு 1887. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால்தான் தங்கம் கரையும். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலாரிலும் இந்தச் சயனைடு முறை இருந்தது. அங்கே ஆழத்திலிருந்து எடுத்த பாறையை மாவாக அரைத்துத் தொட்டிகளில் இட்டுக் கரைத்தார்கள். எஞ்சிய மாவு மேடுகள் சயனைடு என்ற பெயரோடு ஊருக்குள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அது தொட்டி வடிப்பு. குவியல் வடிப்பில் அரைக்கும் செலவு பெரிதாகக் கிடையாது. களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்ட பரந்த தளத்தில் உடைத்த பாறையை அப்படியே கொட்டி, மாதக்கணக்கில் நீர் விடுவார்கள். வடிந்த நீரில் துத்தநாகத்தூள் சேர்த்தால் தங்கம் படியும். அதை உருக்கிக் கட்டியாக்குவார்கள்.

ஒரு டன் பாறையில் ஒரு கிராம்கூட இல்லாத தங்கமும் இந்த முறையால் லாபம் தந்தது. ஒரு பவுன் என்பது 8 கிராம். அந்த ஒரு பவுனுக்காக எட்டு டன்னுக்கு மேல் பாறை இந்தக் குவியலில் ஏற வேண்டும். தங்கமே இல்லாத மேல்பாறையை அகற்றுவது இந்தக் கணக்கில் சேராது. ஆகவே பூமிக்குள் குடைந்துகொண்டு போவதற்கு இங்கே வேலையே இல்லை, மலையையே இறக்கிவிடுகிறார்கள். ‘சுரங்கம்’ என்ற சொல்லும் இங்கே கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘அகழ்வு’ இதற்கு நெருக்கமானது.

வட பெருவில், ஆண்டீஸ் மலையில், கஹமார்க்கா நகருக்கு வடக்கே உள்ள யனகோச்சா இந்த முறையின் பெரிய உதாரணம். 1993இல் அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க நிறுவனமான நியூமாண்ட், பெரு நாட்டு நிறுவனமான புயெனவென்தூரா இரண்டும் பெரும்பங்கு வைத்திருந்தன. உலக வங்கிக் குழுமத்தின் நிதிப் பிரிவுக்கும் அதில் 5 சதவீதம் இருந்தது. 2005இல் மட்டும் ஏறத்தாழ 100 டன் தங்கம் வந்தது. 1532இல் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ இன்கா மன்னர் அத்தஹுவால்பாவைச் சிறைபிடித்ததும், விடுதலைக்கு ஈடாக ஓர் அறை நிறையத் தங்கம் தருவதாக மன்னர் சொன்னதும் இதே கஹமார்க்காவில்தான். அந்தத் தங்கத்தை வாங்கிக்கொண்டும் மன்னரைக் கொன்றார்கள். அந்த மக்களின் பேச்சில் அது பழங்கதை ஆகிவிடவில்லை.

ஆண்டீஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியில் ‘யன’ என்றால் கருப்பு, ‘கோச்சா’ என்றால் ஏரி. நம் ஊர்ப்பெயராகச் சொன்னால் கருங்குளம். அந்தப் பெயருக்குரிய ஏரி இன்று இல்லை, அகழ்வு அதை விழுங்கிவிட்டது. மூவாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த ஈரப் புல்வெளியை ‘ஹல்கா’ என்கிறார்கள். மழையையும் மூடுபனியையும் பிடித்து வைத்து, கீழே உள்ள ஊர்களுக்கு ஊற்றாகவும் ஓடையாகவும் விடுவது அதுதான். கஹமார்க்கா உழவர்கள் மாடு வளர்த்துப் பால் விற்பவர்கள், வாய்க்கால் நீரை நம்பி வாழ்பவர்கள். மேலே குழி ஆழமாகும்போது, குழி மூழ்காமலிருக்க நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். அப்போது ஊற்றுகள் குறைகின்றன. பிறகு நிறுவனம் சுத்திகரித்த நீரை வாய்க்காலில் விடுகிறது. தலைமுறைகளாகத் தானே வந்த நீருக்கு அதன் பின் நிறுவனத்தின் பம்பை நம்பியிருக்க வேண்டிய நிலை.

சயனைடை மட்டும் பார்ப்பதும் போதாது. உடைத்த பாறையிலுள்ள கந்தகக் கனிமங்கள் காற்றும் மழையும் பட்டு அமிலமாகி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு இறங்கும். அதுவும் ஒருவகை வடிப்புதான், ஆனால் யாரும் நீர் ஊற்றாமலே நடப்பது, தங்கம் தீர்ந்த பிறகும் நில்லாதது.

பாறையில் பாதரசமும் உண்டு. சயனைடு நீர் அதையும் கரைத்துக் கொண்டுவரும், அதைப் பிரித்து விற்பார்கள். 2000 ஜூன் 2 அன்று அப்படிப் பாதரசம் ஏற்றிச் சென்ற லாரியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோ, 40 கிலோமீட்டர் சாலை நெடுகச் சிந்தியது. வழியிலிருந்த சோரோபம்பா கிராமத்தில் பெரியவர்களும் பிள்ளைகளும் அந்த மினுங்கும் துளிகளைக் கையால் அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அது நஞ்சு என்று அவர்களுக்கு உரிய நேரத்தில் யாரும் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். இதை வெறும் சாலை விபத்து என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சிந்தியது லாரி என்றாலும், அந்தப் பாதரசத்தை மலையிலிருந்து வெளியே கொண்டுவந்தது வடிப்புதான்.

2004இல் நகரத்தின் குடிநீர் பிறக்கும் கீலிஷ் மலைக்கு நிறுவனம் வந்தபோது, மக்கள் சாலையை மறித்து நின்று அதைத் திருப்பியனுப்பினார்கள். அடுத்தது கோங்கா, அதே நிறுவனத்தின் 480 கோடி டாலர் அகழ்வுத் திட்டம். நான்கு ஏரிகளைக் காலி செய்து, சிலவற்றின் அடியிலிருந்து தாதும், சிலவற்றில் கழிவுமாகத் திட்டமிட்டார்கள். பதிலுக்கு நீர்த்தேக்கங்கள் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ‘தண்ணீர் வேண்டும், தங்கம் வேண்டாம்’ என்பது ஊர்வலங்களின் முழக்கமாயிற்று. உழவர்களின் ஊர்க்காவல் குழுக்களான ‘ரோந்தாஸ்’ ஏரிக்கரைகளில் முகாமிட்டன. 2012 ஜூலையில் செலெந்தீனிலும் பம்பமார்க்காவிலும் 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தன் நிலத்தை விட மறுத்து வழக்காடிய மாக்சிமா அகூன்யாவுக்கு 2016இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு கோங்காவின் தங்கத்தைத் தன் இருப்புக் கணக்கிலிருந்து நியூமாண்ட் எடுத்துவிட்டது. இத்தனை தங்கம் போன பின்னும் பெருவின் மிக ஏழை மாநிலங்களின் வரிசையில்தான் கஹமார்க்கா இருக்கிறது.

யனகோச்சாவில் முதன்மையான தங்கம் தீர்ந்து வருகிறது. சக்கை மேடுகளிலிருந்து இறங்கும் நீரைப் பிடித்துச் சுத்திகரிக்கும் ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அகழ்வு நின்ற பிறகும் நெடுங்காலத்துக்கு அவை ஓடியாக வேண்டும்.