வண்டி மேல் ஒட்டும் ‘திரைப்படம்’

புது கார் எடுத்த நண்பர் ஒருவர், ஏதோ ஒரு கடையின் விளம்பரத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். ‘உங்கள் காருக்கு வண்ணப்பூச்சு பாதுகாப்பு திரைப்படம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கூடவே அவருடைய கேள்வி: “காருக்கு எதுக்குப்பா படம் காட்டணும்?”

இயந்திர மொழிபெயர்ப்பின் கைவரிசை. ஃபிலிம் என்றால் அதற்குச் சினிமாதான் தெரியும்போல. கடைக்காரர் சொல்ல வந்தது பிபிஎஃப். விரித்துச் சொன்னால் பெயிண்ட் ப்ரொடெக்‌ஷன் ஃபிலிம். வண்டியின் பெயிண்ட் மேல் ஒட்டும், பார்த்தால் இருப்பதே தெரியாத பிளாஸ்டிக் தோல். முன்னால் போகும் டிப்பரின் சக்கரம் ஒரு ஜல்லியை எற்றிவிட்டு அது பானெட்டில் வந்து மோதினால், அடியை இந்தத் தோல் வாங்கிக்கொள்ளும், பெயிண்ட் பிழைக்கும்.

கார்க் கடைகளில் இதற்குப் பெயர் பிபிஎஃப். பைக் டேங்குக்கு ஒட்டும் இடங்களில் ‘லேமினேஷன்’, அதாவது ரேஷன் கார்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் போட்ட லேமினேஷனின் பேரேதான். அமெரிக்காவில் ‘கிளியர் ப்ரா’. விலை உயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவர்கள், பிரேக் கேபிள் உரசும் இடத்தில் இதில் ஒரு துண்டை வெட்டி ஒட்டிவிட்டு ‘ஹெலிகாப்டர் டேப்’ என்பார்கள். கடைசியில் சொன்ன பேரில்தான் பொருளின் ஊரும் பிறப்பும் ஒளிந்திருக்கின்றன.

1960களில் வியட்நாம் போர். தரையிறங்கும்போதும் எழும்பும்போதும் ஹெலிகாப்டர் கிளப்பும் புழுதி அதன் இறக்கையையே தின்றது. சுழலும் இறக்கையின் நுனி நொடிக்கு 200 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் போகும். அந்த வேகத்தில் மணல் உப்புத்தாளாகிவிடுகிறது. இறக்கையின் முன்விளிம்பு தேய்ந்துபோகிறது. அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனத்தின் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலத்தை விளிம்பில் ஒட்டியபோது தேய்மானம் குறைந்தது. உலோகம் அடியை எதிர்த்து நிற்கும், அதனாலேயே துகள் துகளாகத் தேயும். பாலியூரித்தேன் ரப்பரைப் போல உள்வாங்கி, அடியை அக்கம்பக்கம் பரப்பிவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த வேதிப்பொருளை 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். (தமிழில் எழுதிப் பார்த்தால் முன்னால் பாலும் பின்னால் தேனுமாக இனிக்கிறது. ஒட்டும் செலவைக் கேட்டால் அந்த இனிப்பு போய்விடும்.) போர்க்களத்திலிருந்து இந்தப் படலம் பந்தயக் கார்களுக்குப் போய், அங்கிருந்து மெல்ல வீட்டு வாசலில் நிற்கும் கார்களுக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு முன்பும் காரின் முகத்தைக் காக்க ஒன்று இருந்தது. தோல் மாதிரியான கறுப்பு ரெக்சினில் தைத்து, முன்பக்கம் இழுத்து மாட்டும் உறை. 1980களின் அமெரிக்கச் சாலைகளில் அதை நிறையப் பார்க்கலாம். மாட்டிய தோற்றத்தை வைத்துக் கேலியாக ‘ப்ரா’ என்று பேர் வைத்தார்கள், பேர் ஒட்டிக்கொண்டது. உறைக்குள் தண்ணீரும் தூசியும் புகுந்து, காக்க வந்ததே பெயிண்டை உரசிக் கெடுத்த கதையும் உண்டு. பின்னால் ஒளி ஊடுருவும் படலம் வந்ததும் அது ‘கிளியர் ப்ரா’ ஆனது.

அந்த ப்ரா என்ற சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். பிரெஞ்சு ‘பிராசியேர்’ என்பதன் சுருக்கம் அது. பழைய பிரெஞ்சில் அதன் மூலச்சொல்லுக்குப் பொருள், போர்வீரன் கையில் அணியும் காப்பு. கைக்குப் போடும் கவசம் இடம் மாறி உள்ளாடைக்கு வந்து, அங்கிருந்து காரின் மூக்குக்கு வந்திருக்கிறது. கையில் போடுவதற்கு நாம் என்ன சொல்வோம்? காப்பு. ஆங்கிலச் சொல் உலகம் சுற்றி வந்து நின்ற இடத்தில் தமிழ்ச் சொல் முதலிலிருந்தே உட்கார்ந்திருக்கிறது.

பிபிஎஃப்பில் இருக்கும் ப்ரொடெக்‌ஷன், ஃபிலிம் என்ற இரண்டு சொற்களும் இப்படித்தான். ப்ரொடெக்ட் என்பது லத்தீனிலிருந்து வந்தது. ‘முன்னால் மூடு’ என்பது அதன் நேர்ப்பொருள். காரின் முன்பக்கத்துக்கு முதலில் ஒட்டும் ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் வேண்டுமா? ஃபிலிம் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் சவ்வு, மெல்லிய தோல் என்று பொருள். புகைப்படச் சுருளின் மேல் இருந்த மெல்லிய ரசாயனப் பூச்சால் அந்தச் சொல் சுருளுக்குப் போய், சுருளிலிருந்து சினிமாவுக்குப் போனது. கொட்டகைக்குப் போய் நாம் பார்ப்பது, சொல்லின் வேரைப் பார்த்தால், ஒரு தோலைத்தான். விளம்பரத்தைப் பெயர்த்த இயந்திரம் இந்தப் பாதையில் கடைசி ஸ்டாப்பில் ஏறியிருக்கிறது.

ஃபிலிம் என்ற சொல்லால் இன்னொரு குழப்பமும் வரும். “ஃபிலிம் ஒட்டினா போலீஸ் பிடிக்காதா?” என்று நண்பரின் மாமனார் கேட்டாராம். 2012இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது கார்க் கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமுக்கு. இது பெயிண்ட் மேல் ஒட்டுவது, நிறமும் கிடையாது. இரண்டுக்கும் ஒரே பேர் இருப்பதால் வந்த வினை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வண்ணப்பூச்சுப் பாதுகாப்புப் படலம்’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் சொல்லி முடிப்பதற்குள் டிப்பர் நம்மைத் தாண்டிப் போய்விடும். பாதுகாப்பு என்றாலே எனக்குக் காவல் துறையும் தலைக்கவசமும்தான் நினைவுக்கு வருகின்றன. காப்பு என்றால் அப்படியில்லை. அது மேலே அப்புவது, கட்டுவது, அணிவது. நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்பு. அம்மனுக்குச் சந்தனக் காப்பு. திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளுக்குச் சுதையாலான திருமேனி என்பதால் திருமஞ்சனம் கிடையாது. தைலக் காப்புத்தான் சாத்துவார்கள். சிற்பம் கெடாமல் இருக்க அதன் மேல் ஒரு படிவு! ஒரு பரப்பின் மேல் மெல்லிதாக ஒன்றைப் படியவிட்டுக் காப்பது என்ற எண்ணம் இந்தச் சொல்லுக்குள் எப்போதோ வந்துவிட்டது. கருவுற்றவளுக்கு வளைகாப்பு, நூல் தொடக்கத்தில் காப்புச் செய்யுள், ஊர்த் திருவிழாவில் மஞ்சள் கயிற்றால் கையில் கட்டும் காப்பு. கட்டிக்கொண்டவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பார்கள்.

காப்புக்கு முன்னால் எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்பதில்தான் விளையாட்டு இருக்கிறது. மெய்க்காப்பு என்றால் காக்கப்படுவது மெய். மின்காப்பு என்றால் நாம் தப்பிக்க வேண்டியது மின்சாரத்திடமிருந்து. சந்தனக் காப்பு என்றால் சந்தனம்தான் காப்பின் பொருள். மூன்றுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஆகவே பெயிண்டைக் காப்பதால் வண்ணக் காப்பு, கல்லிலிருந்து காப்பதால் கற்காப்பு. தற்காப்புக்கு எதுகையாக இருப்பதால் கற்காப்பின் மேல் எனக்கு ஒரு கண். ஆனால் புதிதாகக் கேட்பவர் சிற்பக் கல்லைக் காப்பதோ என்று நினைக்கலாம். மலேசியாவில் வீட்டுச் சுவருக்கும் சாயம்தான் பூசுவார்கள். அங்கே வண்ணக் காப்பு சாயக் காப்பாகிவிடும்.

படலத்துக்கு வருவோம். பாலின் மேல் படிவது ஆடை அல்லது ஏடு. உடம்புக்குள் இருப்பது சவ்வு. முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருப்பதும் சவ்வு. கண்ணை மறைப்பது படலம். எண்ணெய் தண்ணீர் மேல் பரவினாலும் படலம். பள்ளி அறிவியல் புத்தகங்களில் மெல்லிய படலம் என்பது ஏற்கெனவே பழகிய வழக்கு. பாலாடையைப் பார்த்து ‘காப்பாடை’ என்று ஒன்று படைக்கலாம் என்று நினைத்தேன். தீயணைப்பு வீரரின் உடுப்பு மாதிரி ஒலிக்கிறது, விட்டுவிட்டேன். ‘காப்புப் படலம்’ போதும். நாட்டுப் படலம், ஆற்றுப் படலம் என்று காவியம் படித்தவர்கள் இதையும் ஒரு அத்தியாயத் தலைப்பு என்று நினைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், திரைப்படத்துக்கு இது மேல்.

படலம் என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்ள வேறொரு காரணமும் உண்டு. அது பணக் காரணம். கடைகளில் மூன்று சரக்குகளை ஒரே மூச்சில் சொல்வார்கள்: டெஃப்லான், செராமிக், பிபிஎஃப். கேட்பவருக்கு மூன்றும் ஒரே குடும்பம்போலத் தோன்றும். தமிழில் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டும் பூச்சு. திரவமாகப் பூசிக் காயவிடுவது. கடைசியில் உள்ளது படலம். சுருளாக வந்து, வெட்டி ஒட்டப்படுவது. ஆலையிலிருந்து வரும் காரின் மொத்தப் பெயிண்டே 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் பளபளக்கும் மேலடுக்கு 40, 50 மைக்ரான் இருக்கும். செராமிக் பூச்சு பெரும்பாலும் ஓரிரு மைக்ரான். காப்புப் படலம் 150 முதல் 200 மைக்ரான் வரை, பெயிண்டைவிடவே தடிமன். தண்ணீர் உருண்டோட, கழுவச் சுலபமாக இருக்கப் பூச்சு உதவும். பறந்து வரும் ஜல்லியை ஓரிரு மைக்ரான் என்ன செய்துவிடும்? ‘செராமிக் போட்டேன், ஆனாலும் கல் பட்டுப் பெயிண்ட் போச்சு’ என்று புலம்புபவர்கள் பூச்சை வாங்கிவிட்டுப் படலத்தின் வேலையை எதிர்பார்த்தவர்கள்.

படலத்திலும் ரகம் உண்டு. டிபியு என்று சொல்வது பாலியூரித்தேன் வகை. பிவிசி மலிவு, ஆனால் வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகும், விறைத்துப்போகும். கடையில் மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள். டிபியு ரப்பர்போல நீண்டு திரும்பிச் சுருங்கும். பித்தளை பிரஷால் அதன் மேல் கீறிவிட்டு வெந்நீர் ஊற்றிக் காட்டுவார்கள். மெல்லிய கீறல்கள் கண்ணெதிரே மறையும். ‘செல்ஃப் ஹீலிங்’ என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். தமிழில் புண்ணும் ஆறும், சூடும் ஆறும். இது மட்டும் சூடு ஏறினால் ஆறும் புண். மேலடுக்கில் விழுந்த கீறலோடு சரி, படலமே கிழிந்துவிட்டால் எந்த வெந்நீரும் ஒட்டவைக்காது.

கடைசியாகக் கல். ஆங்கிலத்தில் ‘ஸ்டோன் சிப்’ என்பது தெறித்து வரும் கல்துண்டையும் குறிக்கும், அது போட்ட வடுவையும் குறிக்கும். நம் ஊரில் சிப்ஸ் என்றால் கட்டடக்காரர்களுக்குக் கால் இஞ்சு ஜல்லி, மற்றவர்களுக்கு வாழைக்காய். பட்டறையில் வண்டிக் காயங்களுக்குத் தனித்தனிப் பேர் இருக்கிறது: தகடு உள்ளே போனால் டொக்கு, கோடு விழுந்தால் கீறல், பெயிண்ட் பொட்டாக உதிர்ந்திருந்தால் ‘பேந்துபோச்சு’. பெயர்ந்து என்பதன் பேச்சு வடிவம். சிப் என்பதற்கு அதுவே சரியான வினை. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் கல்லடி இருக்கிறது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே நாம் புது வண்டிக்குக் கறுப்புக் கயிறும் எலுமிச்சம்பழமும் கட்டிவிட்டு, கல்லடியைக் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறோம். வேகம் இரட்டித்தால் அடியின் ஆற்றல் நான்கு மடங்காகும். நகரத் தெருவில் டிக் என்று பட்டு விழுந்துவிடும் கல், நாற்கர சாலையில் பெயிண்டைப் பெயர்த்துத் தகடு வரை போய்விடும். அங்கிருந்து துரு ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் பம்பருக்குத் துருப் பயம் இல்லை, அழகு மட்டும் போகும்.

முழு வண்டிக்கும் ஒட்டினால் செலவு லட்ச ரூபாயைத் தாண்டவும் கூடும் என்பதால் நண்பர் முன்பக்கத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டார். நானும் போயிருந்தேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பையன், பானெட்டைக் கழுவித் துடைத்துச் சோப்புத் தண்ணீரைத் தெளித்தான். பின்தாளை உரித்த படலத்தை இரண்டு பேர் பிடித்து, ஈர வேட்டியை உதறிப் போடுவதுபோல மேலே இறக்கினார்கள். தண்ணீர் இருக்கும்வரை அது வழுக்கி வழுக்கி நகர்ந்தது; இடம் சரியானதும் பையன் ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி அழுத்தித் தண்ணீரை வெளியேற்றினான். விளிம்பை விரல் நகத்தால் நீவிப் பானெட்டின் உள்பக்கம் மடித்தான். அங்கங்கே பனித்துளிபோலச் சில கொப்புளம் தெரிந்தது. காய்ந்தால் போய்விடும் என்றான்.

வழியெல்லாம் என்னிடம் சொல்லாராய்ச்சி கேட்டுக்கொண்டு வந்த நண்பர் விடவில்லை. “என்ன தம்பி, காப்பு கட்டியாச்சா?”

பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கட்டியாச்சுண்ணே. ஒரு வாரத்துக்குத் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க.”