சில்லறை வாங்குபவரா, கொள்முதலாளரா?

‘சில்லறை வாங்குபவர்களை ஈர்க்கும் இந்த ஆண்டின் பெண்கள் ஆடைப் போக்குகள்.’ மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பின் தலைப்பு இது. இந்தச் ‘சில்லறை வாங்குபவர்’ ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக என் மேசைக்கு வருகிறார். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை திருத்தி அனுப்பினேன். இந்த முறை எழுதியே தீர்ப்பது என்று உட்கார்ந்துவிட்டேன்.

தமிழ்க் காதுக்குச் சில்லறை வாங்குபவர் யார்? பெரிய நோட்டைக் கொடுத்துவிட்டு மீதிக்காகக் கல்லாவுக்கு முன்னால் கை நீட்டி நிற்பவர். அகலக் கால் பேன்ட்டும் வெண்ணெய் மஞ்சள் சட்டையும் அவரை எதற்காக ஈர்க்க வேண்டும்?

மூலத்தில் இருந்தது ‘ரீடெய்ல் பையர்’. ஆடைக் கடைக்கோ கடைத்தொடருக்கோ அடுத்த பருவத்துக்கு என்ன சரக்கு எடுப்பது, எவ்வளவு எடுப்பது, யாரிடம் எடுப்பது என்று முடிவு செய்யும் ஊழியர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். தனக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் ஆயிரக்கணக்கான உடைகளுக்கு ஆர்டர் போடுகிறவர்.

சொற்பிறப்பைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ‘பை’ என்ற வினை பழைய ஆங்கிலத்தில் விலை கொடுத்துப் பெறுவதைக் குறித்தது, இன்றும் அதுவே. ‘ரீடெய்ல்’ கொஞ்சம் சுவையானது. வெட்டு என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பெரியதிலிருந்து வெட்டி எடுத்த துண்டுதான் ரீடெய்ல். துணி வெட்டும் ‘டெய்லர்’ அதே வேரில் முளைத்தவர். ‘டீடெய்ல்’ என்ற சொல்லும் அப்படியே. ஆக, துணிக்கும் இந்தச் சொல்லுக்கும் பிறப்பிலேயே உறவு உண்டு. நம் சில்லறையிலும் ‘சில்’ இருக்கிறது. சிறியது, துண்டு என்ற பொருள் அங்கேயும் தெரிகிறது. இந்த அழகான ஒற்றுமைதான் மொழிபெயர்ப்பாளரைக் குழியில் தள்ளியது என்று நினைக்கிறேன். ரீடெய்லுக்குச் சில்லறை, பையருக்கு வாங்குபவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது!

முடியவில்லை. தமிழில் ஒரு பெயர்ச்சொல்லை ‘வாங்குபவர்’ என்பதற்கு முன்னால் நிறுத்தினால், அது வாங்கப்படும் பொருள் ஆகிவிடும். நூல் வாங்குபவர் நூலை வாங்குகிறார். வீடு வாங்குபவர் வீட்டை வாங்குகிறார். இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ மறைந்து நிற்கிறது, பள்ளிக்கூட இலக்கணம்தான். அந்தக் கணக்கில் சில்லறை வாங்குபவர் சில்லறையைத்தான் வாங்க முடியும். ஆங்கிலத் தொடரிலோ ‘ரீடெய்ல்’ என்பது வாங்கப்படும் பொருள் இல்லை, யாருக்காக வாங்குகிறார் என்பது. நான்காம் வேற்றுமையை இரண்டாம் வேற்றுமை ஆக்கியதில் ஒரு முழு உத்தியோகமே கல்லாப்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

இன்னொரு கோணல், இதைவிடப் பெரியது. இவர் வாங்குவது சில்லறையாக அல்ல, மொத்தமாக. சில்லறையாக விற்கப்போவது அவருடைய கடை. மொத்தமாக வாங்குகிறவருக்குச் ‘சில்லறை வாங்குபவர்’ என்று பெயர் வைத்தால், கடல் மீன் பிடிப்பவரைத் தொட்டி மீன்காரர் என்று அழைப்பதுபோல் இருக்கிறது.

சிலர் இந்தச் சிக்கலை உணர்ந்து ‘வாடிக்கையாளர்’ என்று போடுகிறார்கள், இன்னும் சிலர் ‘நுகர்வோர்’ என்று. இது சில்லறையைவிட ஆபத்து. சில்லறை வாங்குபவர் என்று படித்தால் ஏதோ தவறு என்றாவது வாசகருக்கு உறைக்கும். வாடிக்கையாளர் என்றால் வாக்கியம் வழுக்கிக்கொண்டு போய்விடும், பொருள் தலைகீழாகியிருப்பது யாருக்கும் தெரியாது. நுகர்தல் என்பது அனுபவித்தல். உடுத்துகிறவர் நுகர்வோர். கொள்முதல் செய்கிறவர் அந்த உடையை உடுத்தப்போவதே இல்லை. ஒரே பாவாடையை இருவரும் பார்க்கும் பார்வை வேறு வேறு.

அதே அகலக் கால் பேன்ட்டை எடுத்துக்கொள்வோம். இடுப்பில் எலாஸ்டிக் வைத்தது. உடுத்தப்போகும் பெண்ணுக்கு அதில் பிடித்தது காற்றோட்டம், உட்கார எழ வசதி, கண்ணாடியில் கால் நீளமாகத் தெரிவது. கடைக்கு எடுப்பவருக்குப் பிடித்தது வேறு: எலாஸ்டிக் இடுப்பு என்பதால் ஓர் அளவு அக்கம்பக்கத்து அளவுக்காரர்களுக்கும் பொருந்தும், பொருந்தவில்லை என்று திரும்பி வருவது குறையும், பருவ முடிவில் யாருக்கும் ஆகாத ஓரத்து அளவுகள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்காது. பீப்பாய்போல் முட்டியருகே உப்பி, கணுக்காலில் குறுகும் ஜீன்ஸும் பேசப்பட்ட உருவம்தான். ஆனால் அது இடுப்பு, முட்டி, நீளம் மூன்றும் சரியாக உட்கார்ந்தால்தான் அழகு. எனவே அதை அவர் கொஞ்சமாக எடுத்துப் பார்ப்பார். மேலும் கீழும் ஒரே துணியில் வரும் ‘கோ-ஆர்ட் செட்’ உடுத்துபவருக்கு எது எதற்குப் பொருந்தும் என்ற யோசனையை மிச்சப்படுத்துகிறது. கடைக்காரருக்கோ அது இரண்டு உருப்படி. சேர்த்தும் விற்கலாம், பிரித்தும் விற்கலாம். துணி ஒன்றே என்பதால் ஆலை கேட்கும் குறைந்தபட்ச ஆர்டரை எட்டுவதும் சுலபம்.

நிறத்திலும் இதே கதை. 2025-இல் எங்கு பார்த்தாலும் வெண்ணெய் மஞ்சள். ஆண்டுக்கொரு நிறத்தை அறிவிக்கும் பான்டோன் அந்த ஆண்டுக்குச் சொன்னது ‘மோக்கா மூஸ்’ என்ற பழுப்பு. உடுத்துகிறவரின் கேள்வி, இது எனக்கு எடுக்குமா என்பது. கொள்முதல் செய்கிறவரின் கேள்வி, பழுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இந்த மஞ்சளைத் தொங்கவிட்டால் மூன்றும் சேர்ந்து நகருமா, அல்லது மஞ்சள் மட்டும் தள்ளுபடி வரைக்கும் அங்கேயே நிற்குமா என்பது.

கடைக்குக் கொள்முதல் செய்யும் ஓர் அம்மாளை ஒருமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சாம்பிள் மேசைக்கு வந்ததும் அந்த அம்மாள் செய்த முதல் வேலை அதை உள்வெளியாகத் திருப்பியது. தையலோரம் எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று விரலால் அளந்தார். துணியை உள்ளங்கையில் கசக்கிப் பிடித்து, விட்டு, சுருக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தார். அப்புறம்தான் வெளிப்பக்கம். பக்கத்தில் இருந்த தாளில் ஸ்மாலுக்கு 1, மீடியத்துக்கு 2, லார்ஜுக்கு 2, எக்ஸ்எல்லுக்கு 1 என்று எழுதினார். ஆறு உருப்படி ஒரு செட். இத்தனை செட் என்று கீழே ஓர் எண். கடைசிவரை ‘அழகாயிருக்கு’ என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. இவரையா வாடிக்கையாளர் என்பது?

காலக்கணக்கும் வேறு. நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் நான்கு நகரங்களிலும் பிப்ரவரி, மார்ச்சில் மேடையேறும் ஆடைகள் வரப்போகும் இலையுதிர், குளிர்காலத்துக்கானவை. செப்டம்பர், அக்டோபரில் மேடையேறுபவை அடுத்த ஆண்டின் இளவேனில், கோடைக்கானவை. கொள்முதல் செய்கிறவர் ஆறு மாதம் முன்னால் வாழ்கிறார். கடையில் இன்று தொங்குவது அவருக்குப் பழைய கதை. ‘இன்றைய போக்குகள் வாடிக்கையாளரை ஈர்க்கின்றன’ என்று மொழிபெயர்த்தால் அந்த ஆறு மாதமும் காணாமல் போகிறது.

1947 பிப்ரவரி 12-ஆம் தேதி பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். போர்க்காலத் துணிக் கட்டுப்பாட்டில் குட்டையும் ஒடுக்கமுமாகிப்போன பாவாடை, அங்கே கெண்டைக்கால் வரை இறங்கிக் குடைபோல் விரிந்தது. அதற்கு ‘நியூ லுக்’ என்று பெயர் நிலைக்கக் காரணமான ‘ஹார்பர்ஸ் பஜார்’ ஃபேஷன் இதழின் ஆசிரியர் கார்மல் ஸ்னோ, டியோரைப் பார்க்கும் முன்பே ஆர்டர் போட்டுவிட்ட பையர்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னதாக ஆடை வரலாற்றில் ஒரு கதை உண்டு. இங்கே பையர் என்ற இடத்தில் நுகர்வோர் என்று போட்டுப் பாருங்கள். ஒரு பெண் போன வாரம் பாவாடை வாங்கிவிட்டாள், அதற்குக் கடவுளை ஏன் கூப்பிட வேண்டும்? கடையின் ஒரு பருவத்து முதல் முழுவதையும் பழைய உருவத்தில் போட்டு முடக்கியவருக்குத்தான் கடவுள் தேவைப்படுகிறார்.

முதல். சொல் இங்கேயே இருக்கிறது.

கொள்முதல் நாம் புதிதாக ஆக்கிய சொல் அல்ல. வாங்கிய விலை என்ற பொருளிலும் வாங்குதல் என்ற பொருளிலும் வணிகர் வாயில் புழங்கிய சொல். ‘கொள்முதலுக்கே கட்டாது’ என்று இன்றும் சொல்கிறார்கள். இதில் உள்ள ‘கொள்’ மிகப் பழையது. பட்டினப்பாலை வணிகரைப் புகழும்போது ‘கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது’ என்கிறது. வாங்குவதை அளவுக்கு மேல் வாங்காமல், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமல். அங்கே சரக்கு வாங்குவதற்கான சொல் கொள்ளுதல்தான். ‘வாங்கு’ என்பதோ வளைத்தல், இழுத்தல் என்ற பொருளில் வில்லோடு சேர்ந்து வந்த சொல். கடல் உள்வாங்குவதிலும் படை பின்வாங்குவதிலும் மூச்சு வாங்குவதிலும் அந்தப் பழைய இழுப்பு இன்னும் இருக்கிறது. பிறகு அது பெறுதல் ஆயிற்று, விலைக்குப் பெறுதலும் ஆயிற்று. பரிசும் வாங்கலாம், திட்டும் வாங்கலாம், சில்லறையும் வாங்கலாம். இவ்வளவு தாராளமான வினையை ஓர் உத்தியோகத்துக்குப் பெயராக வைப்பது சரிப்படாது.

விகுதியையும் கவனியுங்கள். எழுதுபவர் வேறு, எழுத்தாளர் வேறு. விற்பவர் யாராகவும் இருக்கலாம். விற்பனையாளர் அதையே வேலையாகச் செய்கிறவர். ‘பவர்’ அந்த நேரத்துச் செயலைக் காட்டுகிறது, ‘ஆளர்’ தொழிலைக் காட்டுகிறது. எனவே கொள்முதலாளர். சில்லறை என்ற ஒட்டே வேண்டாம். மொத்த வணிகரின் கொள்முதலாளரிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் கடைக் கொள்முதலாளர் என்றால் போதும்.

இதற்கு ஆட்சேபங்கள் வந்தன. கொள்முதல் என்றாலே விளைபொருள் மூட்டைதான் நினைவுக்கு வருகிறது, ஃபேஷன் வாடை இல்லை என்றார் ஒருவர். மூட்டைக்குப் பொருந்துவது பாவாடைக்குப் பொருந்தாதா? ஆங்கிலத்தில் தானியம் வாங்குகிறவரும் பையர், பட்டு வாங்குகிறவரும் பையர். அங்கே யாரும் வாடை பார்க்கவில்லை. இன்னொருவருக்கு உச்சரிப்புக் கவலை. ளகரத்தை லகரமாக்கிச் சொன்னால் ‘கொல்முதலாளர்’ ஆகிவிடுமாம். ளகரம் வராதவருக்குப் பயந்து சொல்லைக் கைவிட்டால் பள்ளியையும் பிள்ளையையும் சேர்த்துக் கைவிட வேண்டியதுதான்.

வாங்குநர் என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை. பத்திரத்தில் விற்பவருக்கு எதிரே நிற்கும் தரப்புக்கு அது பொருந்தும். இலங்கைத் தமிழில் கொள்வனவு என்கிறார்கள், கொள்வனவாளர் என்றும் வருகிறது. நல்ல சொல், ‘கொள்’ அதிலும் இருக்கிறது. அதை எழுதிப் பழகியவர் எனக்காக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

தொழிலில் இருப்பவர்கள் நேராகப் ‘பையர்’ என்றே சொல்கிறார்கள். ‘பையர் கமென்ட்ஸ் வந்துருச்சா?’, ‘பையர் சாம்பிள ஓகே பண்ணிட்டாங்க.’ அவர்கள் வாயில் அது பெரும்பாலும் ஆள் இல்லை, ஆர்டர் கொடுக்கும் நிறுவனம். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். யாரையும் திருத்த நான் கிளம்பவில்லை. தூய தமிழ் வேண்டும் என்பதல்ல என் சண்டை. ‘பையர்’ என்று அப்படியே எழுதியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். தமிழ் போல் தோன்றி வேறு எதையோ சொல்லும் தமிழ்தான் என்னை வதைக்கிறது. அதே கட்டுரையில் ‘லைன் ஷீட்’ வரித்தாள் ஆகியிருந்தது. படம், எண், அளவு, விலை போட்டுக் கொள்முதலாளரிடம் கொடுக்கும் சரக்குப் பட்டியல் அது. வரித்தாள் என்றால் வரித்துறையிலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று பதறத்தான் தோன்றும். எடுத்த சரக்கில் எத்தனை பங்கு விற்றது என்று சொல்லும் ‘செல்-த்ரூ’ கணக்கு ‘மூலம் விற்பனை’ ஆகியிருந்தது. அதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சொல்லுக்குச் சொல் வைக்கிறவர்கள், அந்த வாக்கியத்தில் யார் யாரிடம் எதை விற்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தால் இதில் பாதி நடக்காது. மேசைக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார்? அது தெரிந்தால் சொல் தானாக வரும்.

தலைப்பை இப்படித் திருத்தி அனுப்பினேன்: ‘கடைக் கொள்முதலாளர்கள் விரும்பி எடுக்கும் பெண்கள் ஆடைகள்: இந்த ஆண்டின் போக்கு.’ நேற்று இறுதிப் படி வந்தது. ‘கொள்முதல் வாடிக்கையாளர்களை ஈர்க்கும்’ என்று இருக்கிறது.