தெளிந்த வானில் சுருளும் அலைகள்

விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. சன்னலுக்கு வெளியே பொட்டு மேகம் கிடையாது. ஆனாலும் கோப்பையிலிருந்த தண்ணீர் திடீரென்று தளும்பித் தெறிக்கிறது. விமானியின் ராடாரிலும் எதுவும் தெரிந்திருக்காது. அது மழைத்துளியைப் பார்க்கும், வெறுங்காற்றைப் பார்க்காது.

அங்கே காற்று அடுக்கடுக்காக ஓடுகிறது. உயரத்துக்கு உயரம் அதன் வேகமோ திசையோ மாறுவதைக் காற்று வெட்டு என்கிறோம். மேலடுக்கு வேகமாகவும் கீழடுக்கு மெதுவாகவும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் உரசும் இடத்தில் சிறு மேடு எழுந்தால், அதன் முகடு மேல்காற்றோடு முந்தும், பள்ளம் பின்தங்கும். பாயைச் சுருட்டுவதுபோல் அலை தன்மேலேயே சுருண்டுகொள்ளும். இயற்பியலாளர்கள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868-இலும் கெல்வின் 1871-இலும் கணக்கிட்டது இந்த நிலைகுலைவைத்தான்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீண்ட கண்ணாடிக் குழாயில் அடியில் சாயமிட்ட உப்புநீர், மேலே நன்னீர். முனைகளை அடைத்து, கிடையாக வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்த வேண்டும். உப்புநீர் கீழே வழுக்கும், நன்னீர் மேலே ஏறும். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு எல்லைக்கோடு நெடுகிலும் ஒரே வீச்சில் வரிசையாகச் சுருள்கள்!

அந்தச் சில நொடித் தயக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. கனமானதை மேலே தூக்க ஆற்றல் செலவாகும். வேக வேறுபாடு அந்த ஆற்றலைத் தர வேண்டும். இந்த வரவு செலவை வானிலை அறிஞர் ரிச்சர்ட்சன் 1920-இல், செலவை வரவால் வகுத்த ஒரே எண்ணில் அடக்கினார். அந்த எண் எங்கும் கால் பங்குக்குக் குறையாதவரை சிற்றலை பெருகாது என்று மைல்ஸும் ஹோவர்டும் 1961-இல் நிறுவினார்கள். குறைந்தால் வழி திறந்துவிடும்.

விமானம் பறக்கும் உயரத்தை ஒட்டித் தொடங்கும் அடுக்கு மண்டலத்தின் (ஸ்ட்ராடோஸ்பியர்) காற்று எளிதில் கலையாதது. அதைக் குலைக்க, ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குள் வேகம் நொடிக்குச் சுமார் 40 மீட்டர் மாற வேண்டும். மலைப்பாகத் தோன்றும். ஆனால் 100 மீட்டருக்குள் 4 மீட்டர் மாறினாலும் கணக்கு ஒன்றுதான். அதனால்தான் அந்த உயரத்தில் ஆறுபோல் விரைந்தோடும் ஜெட் காற்றோட்டத்தின் விளிம்பில் மெல்லிய பட்டைகளாகக் கொந்தளிப்பு ஒளிந்திருக்கிறது.

சுமார் 82 கிலோமீட்டர் உயரத்தில் இதே சுருள்கள் வெளிப்படையாகவே தெரிகின்றன. துருவப் பக்கக் கோடையில், சூரியன் மறைந்த பின்னும் ஒளிரும் பனிமேகங்கள் அவற்றுக்கு உருவம் கொடுக்கின்றன. என்னைக் கேட்டால், வளிமண்டலம் தானே வரைந்துகாட்டும் பாடப்படம் அதுதான்.

இன்னும் மேலே போனால் கதை மாறுகிறது. அந்தி நேரத்தில் ராக்கெட் விடும் சோடியம் ஆவித்தடம், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வரை கிழிந்து, கசங்கிக் கிடக்கும். அதற்கு மேல் காற்று வெட்டு பலமாகவே இருந்தாலும், வளைந்து நெளியும் தடத்தின் ஓரங்கள் வழவழப்பாகவே இருக்கும். அத்தனை மெல்லிய காற்றில் பாகுநிலை, அதாவது காற்றின் உள் உராய்வு, சுழிகளை முளையிலேயே கரைத்துவிடுகிறது. மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதால்தான் தடம் மெல்ல அகன்று மங்குகிறது.