கன்னபினாய்டு ஏற்பி: சொல் விளக்கம்

கஞ்சாச் செடிக்குக் கிரேக்கர் வைத்திருந்த பெயர் கன்னபிஸ். அதோடு, வடிவம் என்னும் பொருளுள்ள 'ஐடோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்த 'ஆய்டு' ஒட்டிக்கொள்ள, கன்னபினாய்டு ஆயிற்று. செல்லின் சவ்வில் அமர்ந்திருந்து, தனக்குரிய மூலக்கூறு வந்து பிணைந்ததும் உள்ளே சேதி அனுப்பும் புரதமே ஏற்பி.

செடியின் பெயர் ஏற்பிக்கு வந்தது ஆய்வு நடந்த வரிசையால்தான். கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி.யின் கட்டமைப்பை 1964இல் வேதியியலாளர்கள் கவோனியும் மெகூலமும் கண்டறிந்தனர். அது போய்ப் பிணையும் இடத்தை 1988இல் ஆலின் ஹவ்லெட்டின் குழு எலி மூளையில் காட்டியது. உடல் தானே தயாரிக்கும் மூலக்கூறு 1992இல்தான் பன்றி மூளையிலிருந்து கிடைத்தது. வடமொழி ஆனந்தத்தோடு, அதன் வேதி வகையைக் குறிக்கும் அமைடைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டார்கள். ஆங்கில உச்சரிப்பைப் பார்த்து 'அனன்டமைடு' என்று எழுதுவோர் ஆனந்தத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். ஆனந்தமைடு என்றே எழுதலாம்.

'கஞ்சா ஏற்பி' என்று தமிழாக்கினால், மூளை கஞ்சாவுக்காகவே ஒரு புரதத்தை வைத்திருப்பதுபோல் ஆகிவிடும். ஆகவே கன்னபினாய்டு ஏற்பி என்பதே என் தேர்வு. உடலில் ஊறுவதை அகக் கன்னபினாய்டு எனலாம்.

இந்த ஏற்பிகளில் சிபி1, சிபி2 என இரண்டு வகை. பாலூட்டிகளின் மூளையில் மிகுந்திருப்பது சிபி1. உடலசைவை ஒழுங்குபடுத்தும் அடித்தள நரம்பு முடிச்சுகளைச் சேர்ந்த குளோபஸ் பாலிடஸ், சப்ஸ்டான்ஷியா நைக்ரா, நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ், சிறுமூளையின் மேலடுக்கு ஆகிய இடங்களில் அது அடர்ந்திருக்கிறது. பெருமூளைப் புறணியிலும் கணிசமாக உண்டு. சிபி2 பெரும்பாலும் நோயெதிர்ப்புச் செல்களில் இருப்பது. மூளையில், அங்குள்ள நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவில் தென்படுகிறது; நரம்புச் செல்களில் எவ்வளவு உண்டு என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை.

'வெளிப்பாடு' என்ற சொல்லையும் கவனித்து வாசிக்க வேண்டும். மரபணுவிலிருந்து, புரதம் செய்வதற்கான நகலாகிய தூது ஆர்.என்.ஏ. உருவாவதையும் அது குறிக்கும், புரதம் உருவாவதையும் குறிக்கும். சிபி1ஐப் பொறுத்தவரை இவ்விரண்டும் பல இடங்களில் தள்ளித்தள்ளியே காணப்படுகின்றன. சிறுமூளையில் தூது ஆர்.என்.ஏ. இருப்பது துகள் செல்கள் எனப்படும் சிறு நரம்புச் செல்களின் உடலில். புரதம் குவிந்திருப்பதோ மேலடுக்கில், அச்செல்கள் நீட்டும் இழைகளில். அடித்தள நரம்பு முடிச்சுகளின் இன்னொரு பகுதியான ஸ்ட்ரையேட்டத்துச் செல்கள் தயாரிக்கும் ஏற்பியில் பெரும்பங்கு அவற்றின் இழை முனைகளுக்கு, அதாவது குளோபஸ் பாலிடஸுக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவுக்கும் போய்ச் சேருகிறது. ஏற்பிக்கு வேலையும் அங்கேதான்: சேதி பெறும் செல்லிலிருந்து அகக் கன்னபினாய்டு பின்னோக்கி வந்து பிணைந்ததும், முனையிலிருந்து நரம்புச் செல்களிடையே சேதி கடத்தும் காபா, குளுட்டமேட் போன்ற வேதிப்பொருள்கள் வெளியேறுவதைக் குறைக்கிறது. எனவே 'இந்தப் பகுதியில் வெளிப்படுகிறது' என்று ஒரு கட்டுரை சொன்னால், அளந்தது எதை என்று பார்க்க வேண்டும்.

மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் சிபி1 மிகக் குறைவு. ஓபியம் வகை மருந்துகள் அளவு மீறினால் மூச்சை நிறுத்திவிடுவதுபோல் டி.எச்.சி. செய்யாததற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். ஹிப்போகாம்பஸில் ஏற்பி நிறைந்திருப்பதால் நினைவாற்றல் மட்டும் தப்புவதில்லை.