பொங்கலுக்கு ஒரு முகவரியா, இரண்டா?

மொரிசியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. அந்த வாரம் குவாத்ர் போர்ன் மலைக்கோயிலுக்கோ ரோஸ் ஹில் பக்கமோ போக நினைப்பவர், காவடி எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கைப்பேசியில் தேடுவார். கோயில் தளத்தில் தகவல் இருந்தும் தேடலில் அது தலைகாட்டாமல் போகலாம்.

தேடுபொறியின் நிரல் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பக்கத்துக்குப் போகிறது. எங்கிருந்தும் இணைப்பு இல்லாத பக்கம் அதன் கண்ணில் படுவது அரிது. முகப்பு, விழாக்கள், காவடி என்று இரண்டே சொடுக்கில் போய்ச் சேரும்படி இருந்தால் ஆளுக்கும் நல்லது, நிரலுக்கும் நல்லது. பக்கத்தின் இணைய முகவரியும் (URL) அதே வரிசையில் அமையட்டும். கேள்விக்குறியும் எண்ணுமாக நீளும் முகவரியைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆண்டை மட்டும் முகவரியில் சேர்க்க வேண்டாம். காவடிக்கு ஒரே நிலையான முகவரி, ஆண்டுதோறும் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். பழைய இணைப்புகளின் பலன் வீணாகாது. முகவரியை மாற்றியே தீரவேண்டுமென்றால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பிவைக்கும் 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் இருக்கிறது.

சரி, முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் சிக்கல் உண்டு. எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் யூனிகோடில் ‘பொங்கல்’ 7 குறிகள்: ப, ொ, ங, புள்ளி, க, ல, புள்ளி. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்தக் குறி ஒன்றுக்கு 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிவதால், அந்த ஒரு சொல்லே 63 எழுத்தாகிவிடும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஏதோ வைரஸ் என்று நினைப்பவர்களும் உண்டு!

இதைவிடப் பொல்லாதது அந்த ‘ொ’. அதை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. முகவரியிலோ ஒன்று 63 எழுத்து, மற்றது 72. சர்வர் பைட்டைத்தான் ஒப்பிடும் என்பதால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் இணைப்பு 404, அதாவது பக்கம் இல்லை என்று கைவிரிக்கும். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து ஏற்றிய படத்தின் பெயரில் இந்த வில்லங்கம் ஒளிந்திருக்கக்கூடும். மருந்து, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) என்ற ஒழுங்குமுறையில் எல்லாப் பெயர்களையும் முதலில் ஒருமுறை ஓட்டிவிடுவது.

என்னைக் கேட்டால், இங்குள்ள தளங்களுக்கு முகவரி ரோமன் எழுத்தில் இருக்கட்டும், சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டு. தலைப்பும் உடலும் தமிழில் இருந்தாலே தேடலுக்குப் போதும். முகவரியிலுள்ள சொல்லுக்குப் பெரிய எடை கிடையாது. அப்புறம், பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் தனித்தனி முகவரி வேண்டும். பொத்தானை அழுத்தினால் அதே முகவரியில் மொழி மாறுகிறதென்றால், பொத்தானை அழுத்தத் தெரியாத நிரல் முதல் மொழியை மட்டும் படித்துவிட்டுப் போய்விடும்.